குடைக்கடையில் அம்மா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இது போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை. நம் வீடு இரண்டே அறை. சமையலறையில் நின்று கிசுகிசுத்தாலும் அப்பா உள்ளேயிருந்து "யார்கிட்டடா பேசுற?" என்பார். அதனால் எழுதுகிறேன். நான் கடைசியாக எழுதிய கடிதம், வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய விடுப்புக் கடிதமாகத்தான் இருக்கும். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

"அப்பா மத்தியானத்துல எங்கதான் போறார்? கூட இருக்கிற நீ அதைக்கூட பாக்க மாட்டியா?" என்று போன மாதம் சத்தம் போட்டாய். பார்த்துவிட்டேன்.

அம்மா போனதிலிருந்து அவர் வீட்டில் வாயைத் திறப்பது அபூர்வம். சாப்டாச்சு, கதவைச் சாத்து, தூங்கறேன். அவ்வளவுதான். கோர்ட்டில் ஊரார் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தே தன் பங்குப் பேச்சைத் தீர்த்துக்கொண்ட மனுஷன் என்று அம்மா கேலி செய்வாளே, அந்த மிச்சமும் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சட்டையை இஸ்திரி போடுகிறார். ஈரச் சீப்பால் தலை வாருகிறார். கிளம்பிவிடுகிறார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் அது வடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பின்தெருவில் எனக்கு ஒரு லிஃப்ட் வேலை. முடித்துவிட்டுக் கம்பெனி உடுப்பும் கருவிப்பையுமாக வெளியே வந்தால் எதிர்ப்புறம் அப்பா நடந்து போகிறார். பின்னாலேயே போனேன். மருந்துக்கடையைத் தாண்டி ஒரு சந்து. அதில் 'குடை பழுது பார்க்கப்படும்' என்று பழைய பலகை. உள்ளே நுழைந்துவிட்டார்.

அது குடைக்கடை இல்லை அக்கா, காபிக்கடை. முன்பு குடை ரிப்பேர் செய்தவர் கடையை விட்டுப் போனபோது, யாரும் வாங்கிப் போகாத குடைகளை அப்படியே விட்டுப் போனாராம். இப்போது கடையை நடத்துகிற பெண்மணி அதையெல்லாம் விரித்துக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். கப்பலில் சமையல் வேலை பார்த்தவராம், எல்லோரும் 'கேப்டன்' என்கிறார்கள். ஒரு நாற்காலி மாதிரி இன்னொன்று இல்லை. பள்ளிக்கூட பெஞ்சு ஒன்று, பேருந்து இருக்கை ஒன்று, சலூன் நாற்காலி ஒன்று. நடுவில் அகலமான செம்புத் தட்டில் சுடுமணல். அந்த மணலில் நீளக் கைப்பிடி வைத்த குட்டிப் பாத்திரத்தைப் புதைத்துப் புதைத்து எடுத்துத் துருக்கிக் காபி போடுகிறார். பால் கேட்டால் எதிர்க்கடையைக் கை காட்டுகிறார்.

சலூன் நாற்காலியில் அப்பா. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு. கையை வீசி வீசி ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு என் உடுப்பைப் பார்த்தார். "வாங்க, வாங்க" என்று எனக்கு மரியாதை கொடுத்துவிட்டுக் கேப்டனிடம் சொன்னார்: "இவர் எங்க பில்டிங்ல லிஃப்ட் பாக்குறவர்."

நம் கட்டிடத்தில் லிஃப்டே கிடையாது, அக்கா.

நான் பேருந்து இருக்கையில் உட்கார்ந்தேன். காபி வந்தது. அடியில் தங்கியிருக்கும் காபித்தூள் சேற்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்து விழுங்கி இருமினேன். அந்த நேரத்தில்தான் மருந்துக்கடைக்காரர் அப்பாவிடம் கேட்டார்: "வீட்டம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு சார்?"

அப்பா சொன்னார்: "இன்னிக்குப் பரவால்ல. காலையில ஜன்னல் வரைக்கும் நடந்தா."

இதை எப்படிப் போனில் சொல்வேன்? நீயே சொல், என்ன செய்யட்டும்?

உன் தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பல் செட் செய்யும் மேஜையில் வைத்துப் படித்தேன். கையெல்லாம் சுண்ணாம்பு மாவு, பக்கம் பக்கமாக என் விரல் ரேகை. பக்கத்தில் இருந்தவள் "வீட்டில் எல்லோரும் நலமா?" என்றாள். என் அம்மா ஜன்னல் வரை நடந்தாளாம் என்று அவளிடம் சொல்லவா?

அவர் உன்னை லிஃப்ட்காரன் ஆக்கினார். நீ தலையை ஆட்டிவிட்டுச் சேற்றைக் குடித்துவிட்டு வந்தாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். அப்பா எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு தலையாட்டல்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் நீ இதைத்தான் செய்தாய். சளிதான், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றாய். நானும் கடைக்குப் போய் அவளுக்கு ஒரு சால்வை வாங்கினேன், உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருக்கும். நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தீர்கள். தரை ஈரம் காயவில்லை. நான் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

அம்மா சாகவில்லை என்று யாராவது சொல்லலாம் என்றால் அது நான்தான். நான்தான் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காதவளுக்கு அந்தச் சலுகை உண்டு. அவர் கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அவர் எப்படிச் சொல்லலாம்? அதுவும் யாரோ ஊர்பேர் தெரியாதவர்களிடம், சலூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டு? என்னிடம் போனில் பேச வந்தால் "ம்", "சரி", "வைக்கிறேன்". அவர்களுக்கு மட்டும் கதை.

நீ அந்தக் கடைக்குப் போ. நான் லிஃப்ட்காரன் இல்லை, இவர் மகன், என் அம்மா போன வருஷம் செத்துப்போனாள் என்று சொல். உனக்கு வாய் வராது என்றால் எனக்கு அந்தக் கடை விலாசத்தை அனுப்பு.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். உனக்குத் தணியாது என்று தெரிந்ததால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அப்பா. "அவ பதறுவா, அங்க அவளுக்கு யார் இருக்கா, நாளைக்குத் தெளிஞ்சதும் அம்மாவே பேசட்டும்" என்றார். டாக்டரும் இரண்டு நாள் என்றுதான் சொன்னார். இதை அன்றைக்கே சொன்னேன், ஈரத் தரையில் நின்று. நீ காதில் வாங்கும் நிலையில் இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்தான் அதை உன் கையிலிருந்து வாங்கினேன்.

இரண்டாவது. குடைக்கடைக்குப் போனேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு முறையும் நீ சொன்னதைச் சொல்லத்தான் போனேன். ஒவ்வொரு முறையும் லிஃப்ட்காரனாக உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அப்பா அங்கே சொல்வதெல்லாம் பொய் இல்லை. பழைய கதைகள்தான். தேதியை மட்டும் நேற்று ஆக்கிவிடுகிறார். "நேத்து பால் பாத்திரத்தைத் தீய விட்டுட்டேன். அவ ஒரு வார்த்தை திட்டல. கரி பிடிச்ச பாத்திரத்தை என் தலைமாட்டுல வச்சுட்டுப் படுத்துட்டா" என்றார். கடையே சிரித்தது. அது நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது. காலையில் அப்பா கண்ணைத் திறந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்து அலறியது எனக்கு மறந்தே போயிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரி போர்டில் டெலிபோன் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒன்றும் தெரியாது. யாராவது சாகக் கிடந்தால் அவர்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் முன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொள்வாளாம். யாரும் அவளைப் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும் எழுந்து நிற்பாளாம். அப்பா இதையும் நிகழ்காலத்தில்தான் சொன்னார். நிக்கிறா. கேப்டன் மணலைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

உன்னைப் பற்றியும் வந்தது. "பெரியவ போன் பண்ணா. நல்லா இருக்கேன்னுதான் சொன்னாளாம். போனை வச்சதும் இவ சொல்றா, பொண்ணு அழுதுட்டு முகம் கழுவிட்டுப் பேசுறா, குரல்ல தண்ணி இருக்குன்னு. ராத்திரி பூரா தூங்கல" என்றார். எந்த வருஷக் கதை என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா?

அங்கே காபிக் கோப்பையைக் கவிழ்த்து அதிர்ஷ்டம் பார்த்துச் சொல்வார்கள் என்று நினைத்து ஒருநாள் ஒரு பெண் நீட்டினாள். "அடியில இருக்கிறது காபித்தூள்மா. அதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கேப்டன் கழுவப் போட்டுவிட்டார். எனக்குக் கேப்டனைப் பிடித்திருக்கிறது.

அக்கா, நான் அங்கே அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. அம்மா பேச்சைக் கேட்கப் போகிறேன். வீட்டில் அது கிடைக்கவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

அது நான் இங்கே வந்த முதல் வருஷம். என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அறையில் கூட இருந்தவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் பேசினேன். அம்மா "சாப்டியா?" என்றாள். "சாப்டேன்" என்றேன். அங்கே மழையா என்றாள். இல்லை என்றேன். வைத்துவிட்டாள். இவளுக்கு என் குரல்கூடப் புரியவில்லையே என்று எனக்கு அவள்மேல் கோபம். அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது. அவள் போன பிறகும் இருந்தது.

தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மழையைக் கேட்டிருக்கிறாள்.

இதை அப்பா ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னதில் மாற்றம் இல்லை. இது நல்லபடியாக முடியாது. யாராவது ஒருநாள் அம்மாவைப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் அவர் என்ன செய்வார்? அந்த வயதில் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வைக்கப்போகிறாய். அவரை மெதுவாக வெளியே கொண்டு வா.

ஆனால் அவர் சொல்வதையெல்லாம் எனக்கு எழுது. ஒன்றையும் விடாதே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அக்கா


மே 6

அக்கா,

நீ சொன்னது நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம். திறந்தால் கேப்டன். தலையில் ஸ்கார்ஃப், வெளியே போகும் உடுப்பு. ஒரு கையில் அந்தச் செம்புப் பாத்திரம், இன்னொரு கையில் காபித்தூள் டப்பா. மூச்சு வாங்கியது. கடைக்குத் தினமும் வரும் நீச்சல் மாஸ்டரும் கூட வந்தாராம், முதல் மாடிக்கே தலை சுற்றியதால் படியில் உட்கார்ந்துவிட்டாராம். அந்த ஆள் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"உங்க பில்டிங்ல லிஃப்டே இல்லையே" என்றார் கேப்டன். பிறகுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். நான் வீட்டுப் பனியனில் நிற்கிறேன். அப்பாவின் மூக்கு எனக்கு. அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அம்மாவால இறங்கி வர முடியாதுன்னு சார் எப்பவும் சொல்வார். அதான் நாமளே போய்ப் போட்டுக் கொடுத்துடலாம்னு" என்று மெதுவாகச் சொல்லி முடித்தார். பாதி வாக்கியத்திலேயே அவர் கண் எனக்குப் பின்னால் போய்விட்டது. நம் வீட்டில் மறைக்க என்ன இடம் இருக்கிறது? உள்அறைக் கதவு திறந்து கிடந்தது. ஒற்றைக் கட்டில். ஒரு தலையணை. அலமாரி மேலே அம்மா படம், பக்கத்தில் அவள் கண்ணாடி.

அப்பா துண்டோடு வெளியே வந்தார். ஈரத் தலை. எங்கள் இருவரையும் பார்த்தார். ஓடி ஒளிய ஓர் இடம் தேடுகிற மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்அறையைக் கை காட்டி, "தூங்குறா" என்றார்.

அந்தக் கட்டில் மூன்று பேர் கண்ணுக்கும் தெரிகிறது, அக்கா. போர்வைகூட மடித்து வைத்திருக்கிறது.

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "சரி சார். எழுப்ப வேண்டாம்" என்றார். காலணியைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நம் சமையலறைக்குப் போனார். மணல் இல்லாததால் அடுப்பைக் குறைத்து வைத்து, பாத்திரத்தைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக் காபி போட்டார். இரண்டு கோப்பையில் ஊற்றி மேஜைமேல் வைத்தார். அப்பாவைப் பார்க்காமலே, "ஆறிடப்போகுது சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். படியில் நீச்சல் மாஸ்டர் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டதும், "தூங்குறாங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று கேப்டன் சொன்னதும் எனக்குக் கேட்டது.

அப்பா துண்டோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சட்டை கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அங்கயும் செத்துட்டாடா."

அதற்குப் பிறகு அவர் வெளியே போகவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. ரொட்டியைச் சூப்பில் நனைத்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ராத்திரி விளக்கை அணைத்தால் "போடு" என்கிறார். போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். அம்மா முதல் தடவை போனபோது செய்ய வேண்டிய வேலை இருந்தது, வந்து போக ஆட்கள் இருந்தார்கள். இந்தத் தடவை நானும் அவரும்தான்.

நான் தலையாட்டியதால் வந்தது என்று நீ எழுதலாம். எழுது. ஆனால் முடிந்தால் வந்து எழுது.

தம்பி


மே 19

தம்பி,

ஒன்றும் எழுதப்போவதில்லை. லீவு வாங்கிவிட்டேன். ஜூன் இரண்டாம் தேதி வருகிறேன், ஒரு வாரம் இருப்பேன். விமான நிலையத்துக்கு வராதே. அவரைத் தனியாக விடாதே.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவரைப் பார்க்க இல்லை. அந்த வாசலில் மறுபடி பெட்டியோடு நிற்க.

அக்கா


ஜூன் 15

தம்பி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மறுபடி வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ வீட்டுக்குள் வரும்போதெல்லாம் சொல்லலாம் என்று நினைப்பேன், அப்பா இருப்பார். நீயே எழுதினாயே, இரண்டே அறை.

நான் வந்ததும் அவர் என்னை எப்படிப் பார்த்தார் என்று நீ பார்த்தாய். "வா" என்றார். என் பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். மூன்று நாள் அப்படியே போனது. வியாழக்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு, "மருந்துக்கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினேன். மருந்துக்கடை பூட்டியிருந்தது. பொய் சொல்லவில்லை, அந்தச் சந்து வரைக்கும் அதே வழிதான்.

கேப்டனிடம் சண்டை போடத்தான் போனேன். கூப்பிடாத வீட்டுக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். வந்ததற்கு நன்றி என்று சொல்லவும் நினைத்தேன். எது முதலில் வரும் என்று எனக்கே தெரியவில்லை. மழை பிடித்திருந்தது, கடை நிறைய ஆட்கள். தலைக்கு மேல் அத்தனை குடை தொங்குகிறது, நான் நனைந்துபோய் நிற்கிறேன். சலூன் நாற்காலி மட்டும் காலி. அதில் யாரும் உட்காரவில்லை, பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

கேப்டன் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஆனால் மருந்துக்கடைக்காரர்தான் முந்திக்கொண்டார். "நீங்க சாரோட பொண்ணுதானே? பெரியவ? குரலைக் கேட்டாலே தெரியுதே" என்றார். நான் "ஒரு காபி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் குரலில் அவருக்கு என்ன தெரிந்தது என்று தெரியவில்லை. "சாரைக் காணோமே, நாங்களே வரலாம்னு இருந்தோம். அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்றார்.

கேப்டன் ஒருவரிடமும் சொல்லவில்லை, தம்பி. ஒரு மாதம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னேன்: "அம்மா போயிட்டாங்க."

எத்தனை நாளாக உன்னைச் சொல்லச் சொல்லி விரட்டினேன். இரண்டே வார்த்தை. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இங்கே எல்லோருக்கும் விடுப்புக் கடிதத்தில் எழுதிக் கொடுத்ததுதான்.

கேப்டன் மணலிலிருந்து பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். நீச்சல் மாஸ்டர் எழுந்து நின்றார். அவர் நின்றதும் மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம். "எப்போம்மா?" என்று யாரோ கேட்டார்கள். போன வருஷம் என்று தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. அவர்களும் மறுபடி கேட்கவில்லை.

"ஜன்னல் வரைக்கும் நடந்தாங்கன்னு சார் சந்தோஷமா சொன்னாரே" என்றார் மாஸ்டர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா முகத்தைக்கூடப் பார்த்ததில்லை அவர். கரி பிடித்த பாத்திரத்தை ஒருவர் சொன்னார். போர்டில் எழுந்து நிற்பதை ஒருவர் சொன்னார். ஒவ்வொருவரும் அம்மாவை எனக்குக் கொண்டு வந்து கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "கடைசில கூட இருந்தீங்களாம்மா?" என்றார்.

"இல்ல. வர முடியல" என்றேன்.

"சார் இருந்தாருல்ல" என்றார்.

அப்போதுதான் அழுதேன். பேருந்து இருக்கையில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், குழாயைத் திறந்துவிடாமல். ஒரு பெண்மணி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கெல்லாம் அம்மா அன்றைக்குத்தான் செத்தாள். எனக்கும்தான். இந்தத் தடவை நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அவர்களை ஏமாற்றினேனா? தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, நல்ல வார்த்தையாக இல்லாவிட்டாலும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "யார் யார் இருந்தாங்க?" என்றார். சொன்னேன். "மாஸ்டர் என்ன சொன்னார்?" சொன்னேன். "மருந்துக்கடைக்காரர்?" அதையும் சொன்னேன். ஒவ்வொருவராகக் கேட்டார், கோர்ட்டில் வாக்குமூலம் எடுக்கிற மாதிரி. "கேப்டனுக்குக் கோவமா?" இல்லை என்றேன். கடைசியாக, "நீ அழுதியா?" என்றார். அழுதேன் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாரே, நீ ஆச்சரியப்பட்டாயே, அந்த நாள்தான் இது.

அவரை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போ. மகன் என்று சொல்லிக்கொண்டே போ.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஏமாற்றினாயா என்று கேட்டாய். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அது மட்டும் தெரியும். அம்மா போன அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து அழ எனக்கு ஒரு பேருந்து இருக்கை கிடைக்கவில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரே சட்டையை இஸ்திரி போட்டார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பையன்" என்று எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சலூன் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். கேப்டன் கேட்காமலே காபி கொடுத்தார். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மருந்துக்கடைக்காரர் அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். மாஸ்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்", "சரி" என்றார், வீட்டில் சொல்வது போலவே. கோப்பை காலியானதும் எழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது சந்து முனையில் நின்று சொன்னார்: "எல்லாரும் நல்லவங்கடா. ஆனா என்னைப் பாத்து இனி சிரிக்க மாட்டாங்க."

மறுபடி போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் சிரித்த ஒரே இடமும் போய்விட்டது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் இப்போது கொஞ்சம் பேசுகிறார். தினமும் இல்லை. நேற்று மழையில் துணி எடுக்க மறந்துவிட்டேன். "உங்கம்மா இருந்தப்ப மேகத்தைப் பாத்தே எடுத்துடுவா" என்றார். இருந்தப்ப. சொல்லிவிட்டு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தார். நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

இப்போது முக்கியமான விஷயம். போன வாரத்திலிருந்து அவருக்குக் கால் வீங்குகிறது. மாடி ஏறினால் ஒவ்வொரு படியிலும் நிற்கிறார். இருதயம் சோர்ந்திருக்கிறது, மாத்திரையில் ஓடும், உடனே பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஏதாவதுன்னா பெரியவளுக்கு முதல் நாளே சொல்லிடு. நான் வேணாம்னு சொல்லுவேன். கேக்காத."

சரி என்றேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். இறங்கும் வரை அப்பா என் கருவிப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். "யாருக்குடா எழுதுற?" என்றார். "அக்காவுக்கு" என்றேன். "கால் வீக்கத்தைப் பத்தி எழுதாத, பதறுவா" என்றார்.

எழுதிவிட்டேன். உன்னை உடனே கிளம்பி வரச் சொல்லவில்லை. லீவை மட்டும் கையில் வைத்துக்கொண்டிரு.

உன் தம்பி